தறிக்கும் கடைக்கும் நடுவே எத்தனை அடி

குடைகளை முதலில் கழித்துவிடலாம். குவாத்தமாலாவின் அதித்லான் ஏரிக்கரையில் இருக்கும் சான் ஹுவான் லா லகூனாவுக்குப் போய்வந்தவர்கள் காட்டும் படங்களில் பாதி, தெருவின் குறுக்கே கம்பி இழுத்துத் தொங்கவிட்ட வண்ணக் குடைகளின் படங்கள்தான். படகுத்துறையிலிருந்து ஊருக்குள் ஏறும் தெருக்களில் ஒன்றுக்குக் குடைப் பந்தல், இன்னொன்றுக்குத் தொப்பிப் பந்தல். தரையில் துணிகளின் கோலங்களைப் பெயின்ட்டில் தீட்டியிருக்கிறார்கள். சுவரெல்லாம் ஓவியம். கண்ணுக்கு இதமாகத்தான் இருக்கிறது. நானும் நின்று படம் எடுத்துக்கொண்டேன். ஆனால் இந்தக் குடைப் பந்தல் 2010-களின் தொடக்கத்தில் போர்ச்சுகலின் அகெதா நகரில் ஒரு கோடைவிழாவுக்காகக் கட்டப்பட்டு, அங்கிருந்து உலகத்தின் சுற்றுலாத் தெருக்களுக்கெல்லாம் பரவிய ஒன்று. சான் ஹுவானைப் பற்றி அது நமக்கு எதையும் சொல்வதில்லை. இந்தத் தெருவை எடைபோட வேண்டுமானால் அண்ணாந்து பார்ப்பதை விட்டுவிட்டு, கடை வாசலில் கட்டியிருக்கும் பாவு நூலைப் பார்க்க வேண்டும்.

நான் நெசவுத் தெருவில் வளர்ந்தவன். துணியைக் கையில் எடுத்தால் முகப்பைப் பார்ப்பதற்கு முன் கரையைப் பார்ப்பதும், திருப்பிப் பின்பக்கத்தில் முடிச்சைத் தேடுவதும் எனக்குப் பழகிப்போன வேலை. கைவினைத் தெரு என்று பெயர் வைத்துக்கொண்ட எந்த இடத்துக்கும் என்னிடம் உள்ள அளவுகோல் ஒன்றுதான். செய்கிறவருக்கும் விற்கிறவருக்கும் நடுவே எவ்வளவு தூரம்? அந்தத் தூரம் கூடக் கூட, பொருளைப் பற்றிய உண்மையும் அதற்கான காசும் வழியிலேயே ஒழுகிப்போகின்றன. அதித்லானில் இந்த அளவுகோலை இரண்டு தெருக்களின் மேல் வைத்துப் பார்த்தேன். ஒன்று பனாஹச்செல்லின் சந்தாந்தேர் தெரு. இன்னொன்று படகில் அரைமணி, முக்கால்மணி நேரத்தில் எட்டிவிடக்கூடிய சான் ஹுவான்.

இடத்தைப் பற்றிச் சில சொற்கள். ஏறத்தாழ எண்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன் வெடித்து உள்வாங்கிய ஒரு மாபெரும் எரிமலையின் வாயில் நிறைந்த நீர்தான் அதித்லான். கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே, 300 மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தோடு கிடக்கிறது. தென்கரையில் சான் பெத்ரோ, தொலிமான், அதித்லான் என்று மூன்று எரிமலைகள். சுற்றியுள்ள ஊர்களில் கக்சிகேல், சூத்துஹில், கிச்சே என்று மூன்று மாயா மொழிகள் பேசப்படுகின்றன. ஒவ்வொரு ஊருக்கும் தனி உடை, தனி நிறம், தனிக் கோலம். ஒரு பெண்ணின் மேலாடையை வைத்தே அவள் ஊரைச் சொல்லிவிடலாம் என்ற நிலை இன்னும் முற்றிலும் மாறிவிடவில்லை. அந்த மேலாடைக்கு வீப்பில் என்று பெயர், கீழே சுற்றும் பாவாடைக்குக் கோர்த்தே. இந்த இரண்டும் இரண்டு வேறு தறிகளிலிருந்து வருகின்றன என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வீப்பில் பெண்களின் இடுப்புத் தறியில் பிறப்பது. கோர்த்தே பெரும்பாலும் ஸ்பானியர்கள் கொண்டுவந்த மிதிதறியில், சல்கஹா, தொத்தோனிகபான் பக்கத்து ஆண்கள் நெய்வது. அதில் வரும் வெள்ளைச் சிதறல் கோலம், நூலைக் கட்டிவைத்துச் சாயம் ஏற்றி அதன்பின் நெய்வதால் உண்டாவது. நம்மூரில் இக்கத் என்று தெரிந்த அதே வேலை, அங்கே ஹஸ்பே.

சந்தாந்தேர் தெரு ஏரிக்கரையிலிருந்து ஊரின் முதன்மைச் சாலைவரை நேராகப் போகிறது. இரு பக்கமும் கடைகள், கடைகளுக்கு முன் தள்ளுவண்டிகள், அவற்றுக்கு நடுவே தோளில் துணி அடுக்கிய பெண்கள், அவர்களையும் விலக்கிக்கொண்டு ஊரும் பஜாஜ் ஆட்டோக்கள். நம்மூர்ச் சாலையின் சத்தம் அப்படியே அங்கே கேட்கிறது. விற்பனைக்கு இருப்பவற்றை மொத்தமாகத் தீப்பிகா என்கிறார்கள். பயணிகளுக்கென்று செய்த துணிமணி என்று பொருள்கொள்ளலாம். மேசை விரிப்பு, பணப்பை, மணிக்கட்டுக் கயிறு, பழைய வீப்பிலை வெட்டித் தைத்த கைப்பை, விசைத்தறிச் சால்வை, அப்புறம் வீப்பிலின் கோலத்தைப் பாலியெஸ்டர் துணியில் இயந்திரத்தால் அச்சிட்ட சட்டைகள். இந்தக் கடைசிச் சரக்குதான் குவாத்தமாலா நெசவாளர்களின் வயிற்றெரிச்சல். மாதக்கணக்கில் இழை இழையாகக் கோத்து உருவாக்கும் பறவையை ஒரு அச்சு இயந்திரம் நிமிடத்தில் ஊற்றித் தள்ளிவிடுகிறது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பயணியின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

பழைய வீப்பிலை வெட்டிச் செய்த பைகளைப் பற்றி எனக்கு இரண்டு மனம். உடுத்தி ஓய்ந்த துணிக்கு மறுவாழ்வு என்று ஒரு பக்கம் சொல்லலாம். ஆனால் நான் புரட்டிப் பார்த்த பைகளில் சில ஓய்ந்த துணியில் செய்தவை அல்ல. கழுத்தோரம் கசங்காத, சாயம் மங்காத, இன்னும் பல ஆண்டு உழைக்கக்கூடிய நெசவு. பணமுடையில் விற்றிருப்பார்கள் என்று நினைக்கத்தான் தோன்றியது. ஒரு வீப்பிலில் நான்கு பைகள் வரும். நான்கு பைகளை வாங்கியவர்களில் ஒருவருக்கும் அந்தத் துணியில் ஊர்ப்பெயர் எழுதியிருந்தது தெரியப்போவதில்லை.

ஆனாலும் சந்தாந்தேரை ஒரேயடியாகத் தள்ளிவிடுவது நியாயமாகாது. தோளில் துணி சுமந்து வரும் பெண்களில் பலர் சுற்றியுள்ள கக்சிகேல் ஊர்களிலிருந்து தினம் நடந்தோ வண்டி ஏறியோ வருகிறவர்கள். அவர்கள் விற்பதில் ஒன்றிரண்டாவது வீட்டில் நெய்தது. அதைக் கேட்டால் தனியே எடுத்துக் காட்டுகிறார்கள், விலையையும் கூட்டிச் சொல்கிறார்கள், பேரத்தில் இறங்குவதும் இல்லை. எது தன் கை வேலை, எது மொத்தச் சரக்கு என்பது அவர்களுக்குள் தெளிவாக இருக்கிறது. அது வாங்குகிறவருக்குத் தெரிய வழியில்லை என்பதுதான் தெருவின் குறை. சந்தாந்தேர் ஒரு சந்தை. தன்னை வேறொன்றாக அது காட்டிக்கொள்ளவும் இல்லை. என் அளவுகோலில் தூரம் அதிகம், சேதி குறைவு, ஏமாற்று என்று சொல்லுமளவுக்கு எதுவும் இல்லை.

சான் ஹுவானின் கதை வேறு. இந்த ஊர் தன்னைச் சந்தை என்று சொல்லிக்கொள்வதில்லை, பட்டறை என்கிறது. அப்படிச் சொல்லிக்கொள்ளும்போதே அதை இன்னும் கறாராகச் சோதிக்கும் உரிமை நமக்கு வந்துவிடுகிறது.

ஏறிப்போகும் தெருவில் வரிசையாக நெசவுக் கூட்டுறவுகள். உள்ளே நுழைந்ததும் விற்பனை தொடங்குவதில்லை. முதலில் உட்காரச் சொல்கிறார்கள். ஒரு பெண் பஞ்சை எடுத்து விதை நீக்கி, கோலால் அடித்து, தக்களியில் நூற்றுக் காட்டுகிறார். அடுத்து சாயச் சட்டிகள். அதற்கடுத்து தறி. பதினைந்து இருபது நிமிடத்தில் செடியிலிருந்து சால்வைவரை ஒரு பயணம். நான் பார்த்த இரண்டு இடங்களிலும் சொன்ன வரிசையும் காட்டிய பொருள்களும் ஏறத்தாழ ஒன்றே. மனப்பாடம் செய்து ஒப்பித்ததுபோல் இருந்தது என்று உடன் வந்தவர் குறைப்பட்டார். எனக்கு அது குறையாகப் படவில்லை. நாள் முழுக்க வந்துகொண்டே இருக்கும் அந்நியர்களுக்கு, தாய்மொழி அல்லாத ஸ்பானியத்தில், தன் தொழிலைப் பொறுமையாக விளக்குகிற பெண்ணிடம் ஒவ்வொரு முறையும் புதுச் சொல் கேட்பது நம் பேராசை.

தறியைப் பற்றி ஒரு பத்தி எழுதியே ஆகவேண்டும். இடுப்புத் தறிக்குச் சட்டம் கிடையாது. பாவின் ஒரு முனை தூணிலோ மரத்திலோ கட்டியிருக்கும். மறுமுனை நெசவாளரின் இடுப்பைச் சுற்றிய வாரில். அவர் பின்னால் சாய்ந்தால் பாவு விறைக்கும், முன்னால் குனிந்தால் தளரும். எங்கள் குழித்தறியில் மரமும் இரும்பும் செய்யும் வேலையை இங்கே ஒரு பெண்ணின் முதுகெலும்பு செய்கிறது. விழுதுக் கோலைத் தூக்க வேண்டும் என்றால் இடுப்பை அரை விரல் தளர்த்துவார். ஊடையை அடித்து இறுக்க வேண்டும் என்றால் மறுபடி விறைப்பார். இந்தத் தளர்வும் விறைப்பும் பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, குழந்தையை அதட்டிக்கொண்டே நடக்கிறது. கை எட்டும் அகலம்தான் துணியின் அகலம். அதனால்தான் ஒரு வீப்பிலுக்கு இரண்டு மூன்று துண்டுகளை நெய்து இணைக்கிறார்கள். நான் கரையைத் தடவிப் பார்த்தேன். ஒரு முழத்துக்கு எங்கும் உள்வாங்கவில்லை. சட்டமில்லாத தறியில் கரை இப்படி நேராக வருவதற்கு எத்தனை ஆண்டு உடம்பு பழகியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். மற்ற எதைக் கண்டும் நான் இவ்வளவு மரியாதையோடு தலைகுனியவில்லை.

சாயத்தில்தான் என் முதல் மனத்தாங்கல். காட்சியின் உச்சம் அதுதான் என்பதால் அங்கேதான் அதிகம் கவனிக்க வேண்டும். கேரட், பீட்ரூட், செம்பருத்தி இனத்துப் பூவான ஹமைக்கா, துலுக்கச் சாமந்தி இனத்தைச் சேர்ந்த பெரிக்கோன், தேங்காய் மட்டை, சாப்ரா விதை, சகதிந்தா இலை, அவுரி, கொச்சினில் பூச்சி என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது தந்த நிறத்தில் ஒரு நூல் சிட்டம். கொச்சினிலை உள்ளங்கையில் வைத்து நசுக்கினால் இரத்தச் சிவப்பு. எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் ஆரஞ்சுக்கு மாறுகிறது, காரம் சேர்த்தால் ஊதாவுக்குப் போகிறது. பார்க்கிறவர்கள் வாயைப் பிளக்கிறார்கள், பிளக்கத்தான் வேண்டும். பிறகு, நிறம் நிற்பதற்கு வாழைத் தண்டைக் கொதிக்கவைத்த நீரில் நூலை ஊறவைப்பதாகவும், வளர்பிறை தேய்பிறைக்கு ஏற்ப நிறம் மாறும் என்றும் சொல்கிறார்கள்.

இங்கே சாயப்பட்டறை வாசனை தெரிந்தவர்கள் சற்று நிற்பார்கள். அவுரி பருத்தியில் நிற்கும். அது இழைக்குள்ளே போய் உட்கார்ந்து காற்றுப்பட்டு நீலமாகும் சாயம். சரியாகத் தோய்த்தால் தலைமுறை தாண்டும். பெரிக்கோனின் மஞ்சள் படிகாரத்தோடு ஓரளவு நிற்கும். கொச்சினில் கம்பளியிலும் பட்டிலும் பிடிக்கும் அளவுக்குப் பருத்தியில் பிடிப்பதில்லை. பீட்ரூட்டும் செம்பருத்தியும் துணிச் சாயமே அல்ல என்றுதான் சொல்ல வேண்டும். சமையலறையில் கையில் ஒட்டிய பீட்ரூட் கறை நாளைக்கு இருப்பதில்லை, அதே கதைதான் நூலிலும். வாழைத் தண்டில் உள்ள துவர்ப்பு சாயப் பிடிப்புக்கு உதவலாம், பீட்ரூட்டை நிலைக்கவைக்கும் ஆற்றல் அதற்கில்லை. ஆனால் காட்சி மேசையில் அவுரிக்கும் பீட்ரூட்டுக்கும் ஒரே இடம், ஒரே உறுதிமொழி. வாங்குகிறவர் வீட்டுக்குப் போய்த் துவைத்தபின்தான் வேறுபாடு தெரியும். நான் வாங்கி வந்தவற்றில் பீட்ரூட் என்று சொல்லித் தந்த இளஞ்சிவப்புத் துண்டு மூன்றாவது துவைப்பில் பழுப்பேறிய வெள்ளையாகிவிட்டது. அவுரிச் சால்வை அப்படியே இருக்கிறது. கடைக்காரப் பெண் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தன் அவுரியின் பெருமையைத் தானே குறைத்துக்கொள்கிற ஒரு காட்சியைச் சான் ஹுவான் தினமும் நடத்துகிறது. அது வருத்தம் தருகிறது.

இன்னொரு கேள்வி, இது எவ்வளவு பழையது என்பது. கொச்சினில் இந்த மண்ணுக்கு அந்நியமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் குவாத்தமாலாவின் ஏற்றுமதிக்கு அதுவே முதுகெலும்பு. ஒரு பவுண்டுக்கு ஏறத்தாழ எழுபதாயிரம் பூச்சிகள் என்று கணக்குச் சொல்வார்கள். கள்ளிச்செடித் தோட்டங்களில் அவற்றை வளர்த்தார்கள். அதற்கும் முன்பே, இந்தச் சாயம் தரும் பணத்தின் ஆசையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் 1780-களின் இறுதியில் சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் வைத்துக் கொச்சினில் வளர்க்க முயன்று தோற்றதும் இந்தக் கதையின் ஒரு கிளைதான். இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது தரம் குறைந்த காட்டுவகைப் பூச்சி. 1856-இல் பெர்கின் கண்டுபிடித்த செயற்கை ஊதாவும் அதன்பின் வந்த சாயங்களும் குவாத்தமாலாவின் கொச்சினில் வணிகத்தைக் கவிழ்த்தன. அந்த நிலங்களுக்குக் காப்பி வந்தது. நெசவாளர்களும் நெடுநாள் முன்பே செயற்கைச் சாய நூலுக்கு மாறிவிட்டார்கள். சான் ஹுவானில் இன்று நாம் பார்க்கும் இயற்கைச் சாயம் அறுபடாமல் கைமாறி வந்த மரபு அல்ல. 1960-லிருந்து 1996 வரை நீண்ட உள்நாட்டுப் போரில் கணவனையும் நிலத்தையும் இழந்த பெண்கள் நாடெங்கும் நெசவைச் சம்பாத்தியமாக்கிக்கொண்டார்கள். அந்தக் கூட்டுறவு அலையின் தொடர்ச்சியாக, வெளியூர்ச் சந்தையின் விருப்பத்தைக் கண்டறிந்து, மறந்துபோனதை மீட்டும் புதியதைச் சேர்த்தும் அண்மைப் பத்தாண்டுகளில் உருவாக்கிய தொழில் இது.

இதற்குச் சான்று தேடி ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டியதில்லை, நெசவாளரின் உடம்பையே பார்த்தால் போதும். மங்கிய பழுப்பும் சாம்பல் நீலமும் வெளிர் மஞ்சளுமாக மண்ணின் நிறத்தில் சால்வை நெய்கிறவர், தான் உடுத்தியிருப்பது பளபளக்கும் நூலில், சரிகை மின்ன, நெஞ்சு முழுக்கப் பூவும் பறவையும் கோத்த வீப்பில். அந்த நிறங்கள் எந்த இலையிலிருந்தும் வந்தவை அல்ல, ஆலையிலிருந்து வந்தவை. அவருக்கு அதுதான் அழகு. நாமோ அவர் உடுத்தாத நிறத்தை வாங்கிக்கொண்டு, மாயா மரபை வாங்கிவிட்டதாக நினைத்துத் திரும்புகிறோம். அவர் அணிந்திருந்த வீப்பிலைக் காட்டி, இதுபோல் ஒன்று விலைக்கு உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். இதை நெய்ய மூன்று மாதம் ஆனது, இது என் மகள் திருமணத்துக்கு நெய்தது என்றார். சொன்ன விதத்தில் வருத்தமோ கர்வமோ இல்லை. அடுப்பங்கரையையும் முன்திண்ணையையும் பிரித்துச் சொல்வதுபோல் சொன்னார்.

பயணியருக்கு எளிய நெசவு, தனக்கு அரிய நெசவு என்ற இந்தப் பிரிவை ஏமாற்று என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் அப்படி எண்ணவில்லை. தன்னுடையதில் எதை விற்பது, எதை விற்காமல் வைத்துக்கொள்வது என்று ஒரு சமூகம் தானே முடிவு செய்திருக்கிறது. சந்தாந்தேரில் வீப்பிலே வெட்டுப்பட்டுப் பையாகத் தொங்குகிறது. சான் ஹுவானில் வீப்பில் உடுத்தியவள் மேல் இருக்கிறது, கடையில் சால்வை இருக்கிறது. இரண்டாவது ஏற்பாடு எனக்கு மேலானதாகத் தெரிகிறது. என் குறையெல்லாம், அந்தச் சால்வையின் புதுமையை மறைத்து அதற்குத் தொன்மைச் சாயம் ஏற்றுவதில்தான். நேற்றுத் தொடங்கிய நல்ல தொழிலுக்கு முப்பாட்டன் சாட்சி தேவையில்லை. பனாஹச்செல்லுக்குப் பக்கத்து ஊரான சாந்தா கத்தரீனா பலோப்போவின் வீப்பில் ஒரு காலத்தில் சிவப்பு, இன்று நீலமும் ஊதாவும். நிறம் மாறியும் அது அந்த ஊரின் வீப்பிலாகவே இருக்கிறது. இப்போது அதே கோலங்களை அந்த ஊர் வீட்டுச் சுவர்களில் வண்ணமாகத் தீட்டிவருகிறார்கள். மரபு மாறலாம் என்பதை ஏரிக்கரைப் பெண்கள் நம்மைவிட எளிதாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

காசுக்கு வருவோம். சான் ஹுவானின் ஆகப்பெரிய நற்செயல் ஒரு சிறு அட்டை. பல கூட்டுறவுகளில் ஒவ்வொரு துணியிலும் நெய்தவர் பெயர் எழுதிய அட்டை தொங்குகிறது. என் அளவுகோலின்படி தறிக்கும் கடைக்கும் நடுவே பத்தடி என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. நான் வாங்கிய அவுரிச் சால்வை 300 கெட்சால். அப்போது ஒரு கெட்சால் ஏறத்தாழ 11 ரூபாய். பேரம் இல்லை. நெய்ய நாலு நாள், சாயத்துக்கும் பாவு ஓட்டவும் மூன்று நாள் என்றார்கள். நாள் என்றால் முழுநாள் இல்லை, சமையல் முடிந்து மிஞ்சும் நேரம் என்று விளக்கினார்கள். நாளுக்கு நாலு மணி என்று வைத்தாலும் 28 மணி நேரம். மணிக்குப் பதினோரு கெட்சால்கூடத் தேறவில்லை. அப்போது நாட்டின் குறைந்தபட்ச நாட்கூலி நூறு கெட்சாலுக்குச் சற்று மேலாக இருந்தது, அதை எட்டு மணியால் வகுத்தால் பதின்மூன்று வரும். நூல் விலையும் கூட்டுறவுக்கான பங்கும் இன்னும் கழிக்கப்படவில்லை. நடுவில் ஆள் இல்லாத, பேரம் இல்லாத, பெயர் எழுதிய, இருப்பதிலேயே நேர்மையான கடையில்கூட நெசவாளருக்குச் சட்டப்படியான கூலி எட்டவில்லை. நம் கைத்தறி ஊர்களில் கணக்குப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. சந்தாந்தேரில் அதே அளவுள்ள விசைத்தறிச் சால்வையை 60 கெட்சாலுக்குக் கேட்டு வாங்கியவர் அந்தப் பேரத்தைப் பெருமையாகச் சொன்னார். அந்த 60-தான் இந்த 300-ஐ 400 ஆகவிடாமல் தடுக்கிறது. இரண்டு தெருக்களும் வேறு வேறு ஊரில் இருந்தாலும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள்.

ஆகவே பழியைத் தெருவின் மேல் மட்டும் போட முடியாது. குவாத்தமாலாவின் நெசவுப் பெண்கள் 2016-இல் அரசமைப்பு நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஊர்க் கோலங்களைக் கூட்டு அறிவுச் சொத்தாகக் காக்கும் சட்டம் வேண்டும் என்பது கோரிக்கை. 2017-இல் நீதிமன்றம் நாடாளுமன்றத்தைச் சட்டம் இயற்றும்படி கேட்டுக்கொண்டது. முன்வரைவும் அவைக்குப் போனது. ஆண்டுகள் பல கடந்தும் அது கிடப்பில் கிடந்தது. அந்த நாட்டின் 25 சென்டாவோ நாணயத்தில் இருப்பது கொன்செப்சியோன் ராமிரெஸ் என்ற சூத்துஹில் பெண்ணின் முகம். ஏரிக்கு அக்கரைச் சந்தியாகோ அதித்லானைச் சேர்ந்தவர், தலையில் தன் ஊர் வழக்கப்படி நாடா சுற்றியிருப்பார். ஏரிக்கரைப் பெண்ணின் முகத்தை நாணயத்தில் பொறித்த நாடு அவள் கோலத்துக்குக் காவல் கொடுக்கவில்லை. அச்சிட்ட வீப்பில் சட்டப்படி விற்கப்படும்வரை, சான் ஹுவானின் பெயரட்டை ஒன்றால் எவ்வளவு தாங்க முடியும்?

ஓவியக் கடைகளை நான் விரைவாகத்தான் கடந்தேன். பறவை மேலிருந்து பார்ப்பதுபோல் சந்தையின் கூடைகளையும் தொப்பிகளையும் வரையும் பாணி இந்த ஏரிக்கரையில் வேரூன்றியது. முன்னோடிகளின் படங்களில் அது கண்டுபிடிப்பு. தெருவில் தொங்கும் படங்களில் பெரும்பாலும் அது சூத்திரம். நின்று தேடினால் ஒன்றிரண்டு தேறலாம், எனக்குப் பொறுமை இல்லை. காப்பியும் தேனும் சாக்லெட்டும் விற்கும் கடைகளும் உண்டு. காப்பி நன்றாக இருந்தது.

எடைபோடும்போது ஏரியை விட்டுவிடக் கூடாது. அதித்லானிலிருந்து மண்மேல் ஓடி வெளியேறும் ஆறு கிடையாது. உள்ளே விழுவது பெரும்பாலும் உள்ளேயே தங்குகிறது. 2009-இல் நீலப்பச்சைப் பாசி ஏரியின் மேல் படலமாகப் படர்ந்தபோது உரமும் கழிவுநீரும் சேர்ந்து செய்த வேலை எல்லோருக்கும் தெரிந்தது. சான் பெத்ரோ 2016-இல் பிளாஸ்டிக் பையையும் உறிஞ்சுகுழலையும் தடைசெய்தது அந்த அதிர்ச்சிக்குப் பின் வந்த விழிப்புகளில் ஒன்று. குடைத் தெருவுக்குப் படம் எடுக்க வரும் ஒவ்வொரு படகும் விருந்தினரையும் அவர் கழிவையும் சேர்த்தே இறக்குகிறது. கால்மணி நேரம் நின்று, படம் எடுத்து, எதுவும் வாங்காமல் அடுத்த படகில் ஏறுகிறவரால் ஊருக்கு வரவு எதுவும் இல்லை, செலவு உண்டு. அதனால்தான் குடைகளைக் கழித்துவிட்டுத் தொடங்கினேன்.

தீர்ப்பு இதுதான். சந்தாந்தேரில் ஒரு மாலை நடக்கலாம். துணி வாங்குவதானால் தோளில் சுமந்து வரும் பெண்ணிடம், அவர் தன் கைவேலை என்று பிரித்துக் காட்டுவதை, அவர் சொன்ன விலைக்கு. சான் ஹுவானுக்கு ஒரு முழு நாள் ஒதுக்கத் தகும், தறி முன் உட்காருவதற்காகவே தகும். மதியத்துக்குமேல் ஷோகோமில் என்ற காற்று எழுந்து படகை ஆட்டும், எனவே காலையில் போய் அன்றிரவு அங்கேயே தங்கிவிடுவது நல்லது. அதன் கூட்டுறவுகள் ஏரிக்கரையில் நான் கண்டவற்றில் வாங்குகிறவரை மிகவும் மதிக்கும் கடைகள். பெயரட்டையில் நெய்தவர் பெயரோடு எத்தனை மணி உழைப்பு என்பதையும், எந்தச் சாயம் துவைப்பைத் தாங்கும், எது தாங்காது என்பதையும் எழுதிவிட்டால், 300-ஐ 400 ஆக்கிக் கேட்கும் தகுதி அவர்களுக்கு வந்துவிடும். நான் கொடுப்பேன்.

அங்கிருந்து கொண்டுவந்தவற்றில் இன்று நான் அதிகம் எடுப்பது அவுரிச் சால்வையைக்கூட அல்ல. கடையின் மூலையில் யாரும் தொடாமல் மடித்து வைத்திருந்த ஒரு சிறு துண்டு. இஷ்காக்கோ என்பார்கள், காயிலேயே பழுப்பாக விளையும் அந்த மண்ணின் பருத்தி. இழை குட்டை, கையால்தான் நூற்க முடியும். சாயமே ஏற்றாதது. அத்தனை நிறங்களும் கூவி அழைத்த தெருவில், காட்சி மேசையில் அதற்கு இரண்டு நிமிடம்கூட ஒதுக்கவில்லை. துவைக்கத் துவைக்க அந்தப் பழுப்பு சற்றே ஆழமாகிக்கொண்டு வருகிறது.